புராண நியதியும் சிறுவர் நாவலும்

குழந்தைகளுக்கென்று எழுதப்படும் கற்பனை நாவல்களுள், ஏதேனும் ஒரு தேசத்தின் புராணத்தையோ தொல்கதையையோ ஆதாரமாகக் கொண்டு பிறந்தவை, இன்று தனியொரு இலக்கிய வகையாகவே கருதத்தக்க அளவுக்குப் பெருகியிருக்கின்றன. கிரேக்கர்களின் ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களும், ஐஸ்லாந்துப் பழம்பாடல்களில் வரும் குள்ளர்களும், வேல்ஸ் நாட்டு மாயாவிகளும், மேற்கு ஆப்பிரிக்கக் கதைகளின் நாயகனாகிய அனன்ஸி என்ற சிலந்தியும், நம் பாண்டவர்களுங்கூட, பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையில் இடம்பிடித்துவிட்டார்கள். இத்தனை நூல்களுக்கு நடுவே, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதை வாங்கிக் கொடுப்பது என்று கேட்கும் தாய் தந்தையருக்கும் ஆசிரியர்களுக்கும், விற்பனைத் தொகையையும் திரைப்படத்தின் புகழையும் தவிர வேறோர் அளவுகோலைக் கொடுக்க வேண்டியது இலக்கிய விசாரணை செய்வோரின் கடமையாகும். அந்த அளவுகோல் யாதென்று தேடுவதும், தேடிக் கண்டதைக்கொண்டு முக்கியமான சில நூல்களை மதிப்பிடுவதும், முடிவில் ஒரு நூல் வரிசையைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு வழிகள்

புராணத்தைச் சிறுவர் கதையாக்க முயன்றவர்கள் சென்ற பாதைகளைத் தொகுத்து நோக்கினால், அவை பெரும்பாலும் நான்கு வழிகளில் அடங்குவதைக் காணலாம்.

முதலாவது, பழைய கதையையே எடுத்துக்கொண்டு, அதைக் குழந்தையின் செவிக்கு ஏற்றவாறு மாற்றிச் சொல்லும் வழி. அமெரிக்க நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன் 1851-இல் வெளியிட்ட ‘எ ஒண்டர் புக்’ என்ற நூலில், கல்லூரி மாணவன் ஒருவன் சிறுவர் கூட்டத்துக்கு ஆறு கிரேக்கக் கதைகளைச் சொல்லிக்கொண்டு போகிறான். தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டுமென்று வரம் பெற்ற மைடாஸ் அரசனின் கதை அவற்றுள் ஒன்று. ரோமானியக் கவி ஓவிட் பாடிய பழைய கதையில், உண்ணும் அப்பமும் அருந்தும் மதுவும் பொன்னாகிப்போகப் பசியால் வாடிய அரசன் வரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு தெய்வத்தை வேண்டுகிறானேயன்றி, அவனுக்கு மகள் ஒருத்தி இருந்ததாகவே பேச்சில்லை. ஓடி வந்து தழுவிக்கொண்ட அருமை மகளும் பொற்சிலையாகி நின்றாள் என்ற நிகழ்ச்சி ஹாதார்னின் சொந்தச் சிருஷ்டி. அது எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டதென்றால், மைடாஸ் கதையை அறிந்தவர்களில் மிகப் பலர் அதையே ஆதிக்கதை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சார்லஸ் கிங்ஸ்லி 1856-இல் தம் குழந்தைகளுக்கென எழுதிய ‘தி ஹீரோஸ்’ என்ற நூலும் இவ்வழியைச் சேர்ந்ததே.

இரண்டாவது, புராணத்திலிருந்து பெயர்களையும் பொருள்களையும் நிகழ்ச்சிகளையும் எடுத்துக்கொண்டு, பூகோளத்தில் இல்லாத ஒரு புதிய நாட்டையே நிர்மாணிக்கும் வழி. ஜே. ஆர். ஆர். டோல்கியனின் ‘தி ஹாபிட்’ 1937-இல் வந்தது. அதில் உலவும் குள்ளர்களின் பெயர்கள் பெரும்பாலும் ஐஸ்லாந்தின் எட்டா என்னும் தொல்பாடல் தொகுதியில் உள்ள ஒரு பெயர்ப்பட்டியலிலிருந்து வந்தவை. காண்டால்ஃப் என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. உறங்கும் நாகத்தின் குவியலிலிருந்து ஒரு கிண்ணத்தைத் திருடி அதன் கோபத்துக்கு ஆளாகும் நிகழ்ச்சியோ பெவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை நினைவூட்டுவது. இதே வழியில் அடுத்த தலைமுறையில் வந்த லாயிட் அலெக்ஸாண்டரைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பேசுவோம்.

மூன்றாவது, நாம் வாழும் இன்றைய உலகத்தையே களமாக வைத்து, அதன் அடியில் உறங்கிக்கிடக்கும் பழைய கதை திடீரென விழித்தெழுந்து, சாதாரணப் பிள்ளைகளைப் பற்றிக்கொள்வதாக அமைக்கும் வழி. இங்கிலாந்தின் ஆலன் கார்னரும் சூஸன் கூப்பரும் இதில் வல்லவர்கள். நான்காவது, தெய்வங்களே நவீன நகரத்துக்குக் குடிபெயர்ந்து, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்குத் தந்தையராகவும் பகைவராகவும் அமைந்து, வேகமும் விளையாட்டுமாகக் கதை செல்லும் வழி. அமெரிக்காவின் ரிக் ரியோர்டன் 2005-இல் ‘தி லைட்னிங் தீஃப்’ என்ற நாவலால் இவ்வழியைப் பெருவழியாக்கிவிட்டார்.

எது அளவுகோல்?

இந்நான்கில் எதுவும் தன்னளவில் உயர்ந்ததுமன்று, தாழ்ந்ததுமன்று. ஒரு நூல் எவ்வழியில் சென்றாலும், அது புராணத்திலிருந்து எதைக் கொண்டுவந்து குழந்தையின் கையில் கொடுக்கிறது என்பதே கேள்வி. தெய்வங்களின் பெயர்களையும், ஆயுதங்களையும், விசித்திர மிருகங்களையும் மட்டும் கொண்டுவந்த நூல்கள் எண்ணற்றவை. அவற்றைப் படித்த பிள்ளை சில பெயர்களை அறிந்துகொள்ளும், சில மணி நேரம் மகிழ்ந்திருக்கும், பிறகு மறந்துவிடும். ஆனால் எல்லாத் தேசத்துப் புராணங்களுக்கும் உயிர்நாடியாக ஒன்று இருக்கிறது. கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற முடியாது. பெற்ற வரத்துக்கு விலை உண்டு. இட்ட சாபம் இட்டவனையும் விடாது. செய்த காரியம் செய்தவனைத் தேடி வரும். கைகேயிக்கு இரண்டு வரம் தருவதாகத் தசரதன் மனம் மகிழ்ந்து சொன்ன ஒரு சொல், பல ஆண்டுகளுக்குப் பிறகு அவன் உயிரையே கேட்டு வந்து நின்றதல்லவா? இதனைப் புராண நியதி என்று சொல்லலாம்.

ஹாதார்ன் படைத்த மகள் ஏன் ஆதிக்கதையோடு ஒன்றிப்போனாள் என்பதும் இப்போது விளங்கும். வரத்தின் விலை வயிற்றுப் பசியோடு நின்றுவிடாமல், அரசன் எதை மிக நேசித்தானோ அதன்மேல் விழ வேண்டும் என்று அவர் உணர்ந்தார். கதையின் நிகழ்ச்சியை மாற்றினாரேயன்றி அதன் நியதியை மாற்றவில்லை. இன்னும் சொல்லப்போனால், பழைய கதையைவிட அழுத்தமாக அதைக் காட்டிவிட்டார். ஆகவே, ஆதாரக் கதையிலிருந்து ஒரு நூல் எவ்வளவு விலகியது என்று கணக்குப் பார்ப்பதைக் காட்டிலும், விலகியபோதும் அந்த நியதியைக் காத்ததா, அதன் பாரத்தை ஒரு சிறுவனோ சிறுமியோ தாங்கும்படியாக அமைத்ததா என்று பார்ப்பதே முறை. குழந்தைக்குப் பாரம் கூடாது என்று எண்ணி, விலையில்லாத வரங்களையும் வலியில்லாத வெற்றிகளையும் மட்டும் கொடுக்கும் ஆசிரியர், அன்பு மிகுதியால் செய்தாலும், குழந்தையின் சக்தியைக் குறைத்து மதிப்பிட்டவரே ஆவார்.

வேல்ஸ் நாட்டுக் கொப்பரை

இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பதற்கு வேல்ஸ் நாட்டுக் கதைகளைப் போல வாய்ப்பான களம் வேறில்லை. ஏனெனில், 1964-க்கும் 1977-க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில், அலெக்ஸாண்டர், கார்னர், கூப்பர் என்ற மூன்று சிறந்த எழுத்தாளர்கள், ஒருவரையொருவர் பின்பற்றாமல், அந்நாட்டின் தொல்கதைகளிலிருந்து மூன்று வெவ்வேறு விதமான சிறுவர் நூல்களைப் படைத்தார்கள். மபினோகி என்று வழங்கும் அக்கதைகள் வாய்மொழியாக நெடுங்காலம் உலவி, 14-ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் நமக்குக் கிடைத்திருப்பவை. சார்லட் கெஸ்ட் என்ற ஆங்கிலச் சீமாட்டி, வேல்ஸ் நாட்டு இரும்புத் தொழிலதிபர் ஒருவரை மணந்து அங்கே குடியேறி, அந்நாட்டு மொழியைக் கற்று, இக்கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1849-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டபின்னரே உலகம் அவற்றை நன்கு அறிந்தது.

மபினோகியின் இரண்டாம் கிளையில் ஒரு கொப்பரை வருகிறது. போரில் மாண்டவனை அதனுள் இட்டால், மறுநாள் அவன் உயிர்பெற்று எழுவான்; ஆனால் பேச்சு மட்டும் திரும்பாது. பிரான் என்ற பேரரசனின் தங்கை பிரான்வென், அயர்லாந்து மன்னனுக்கு மணம்பேசப்படும்போது, தன்னைக் கலக்கவில்லை என்று சினந்த எவ்னிஸியன் என்ற சகோதரன், மாப்பிள்ளை வீட்டாரின் குதிரைகளைச் சிதைத்துவிடுகிறான். அந்த அவமானத்துக்கு ஈடாகப் பிரான் கொடுத்த பொருள்களில் ஒன்றே இக்கொப்பரை. அயர்லாந்தில் பிரான்வென் சிறுமைப்படுத்தப்படப் பெரும்போர் மூள்கிறது. மாண்ட அயர்லாந்து வீரர்கள் கொப்பரையிலிருந்து ஊமைகளாக எழுந்து மீண்டும் மீண்டும் போரிடுகிறார்கள். இத்தனை அழிவுக்கும் தானே மூலம் என்று உணர்ந்த எவ்னிஸியன், பிணங்களோடு பிணமாகக் கிடந்து, கொப்பரைக்குள் எறியப்பட்டு, உள்ளே தன் உடலை நீட்டி நெம்ப, கொப்பரை நான்கு துண்டுகளாகப் பிளக்கிறது. அவன் இதயமும் உடன் பிளக்கிறது. பிரானின் படையில் மீண்டவர் எழுவர் மட்டுமே. ஒருவனுடைய செருக்கு இரண்டு தேசங்களை அழித்தது. அச்செருக்கை உடையவனே தன்னைக் கொடுத்து அதன் கருவியை அழித்தான். புராண நியதி இதைவிடத் துலக்கமாக விளங்கும் கதை அரிது.

அலெக்ஸாண்டரின் பிரிடெயின்

லாயிட் அலெக்ஸாண்டர் 1924-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இராணுவப் பயிற்சிக்காக வேல்ஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்டு, அதன் மலைகளையும் கோட்டைகளையும் கண்ணால் கண்டவர். பல ஆண்டுகள் பெரியவர்களுக்காக எழுதிய பின் சிறுவர் இலக்கியத்துக்குத் திரும்பிய அவர், 1964 முதல் 1968 வரை ஆண்டுக்கொன்றாக ஐந்து நாவல்களை வெளியிட்டார். ‘தி புக் ஆஃப் த்ரீ’, ‘தி பிளாக் கால்ட்ரன்’, ‘தி காஸில் ஆஃப் லிர்’, ‘டாரன் வாண்டரர்’, ‘தி ஹை கிங்’ என்ற இவ்வைந்தும் ‘பிரிடெயின் வரலாறு’ என ஒருசேர அழைக்கப்படுகின்றன. ஐந்தாவது நூலுக்கு அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் உயர்ந்த விருதாகிய நியூபெரி பதக்கம் 1969-இல் வழங்கப்பட்டது.

கதாநாயகன் டாரன், தாய் தந்தை யாரென்று தெரியாதவன். முதிய மந்திரவாதி டால்பென்னின் பண்ணையில் பன்றி மேய்ப்பவனுக்கு உதவியாள். அவன் காக்கும் ஹென் வென் என்ற பன்றி வருங்காலம் உரைக்க வல்லது. வாள்வீரனாகிப் புகழ்பெற வேண்டுமென்று துடிக்கும் இச்சிறுவனோடு, சொல்லுக்குச் சொல் பதில் பேசும் இளவரசி ஐலான்வியும், பாதி விலங்கும் பாதி மனிதனுமாகிய குர்கியும், பொய் சொல்லும்போதெல்லாம் நரம்பு அறுந்துபோகும் யாழை ஏந்திய ஃப்ளெவ்டர் என்ற பாணனும் சேர்ந்துகொள்கிறார்கள். குழந்தைகள் முதலில் மயங்குவது இந்தத் தோழமையிலும் நகைச்சுவையிலுந்தான். அது மிகவும் நியாயமே.

இரண்டாம் நூலில் அந்தக் கொப்பரை வருகிறது. மரணதேசத்தின் அதிபதி அதைக்கொண்டு பேச்சற்ற, மாளாத போர்வீரர்களை உண்டாக்குகிறான். அதை அழிக்கப் புறப்பட்டவர்களில் ஒருவன் எல்லிடிர். வறுமையுற்ற அரசகுலத்தின் கடைசி மகன். செருக்கும் பொறாமையும் அவனை உள்ளிருந்து தின்கின்றன. சதுப்பு நிலத்தில் வாழும் மூன்று கிழவிகளிடமிருந்து கொப்பரையைப் பெறுவதற்கு, தன்னிடமுள்ளவற்றில் மிக அருமையானதை விலையாகத் தர வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு, இறந்துபோன நண்பன் அடாவன் கொடுத்த, அணிந்தவனுக்கு ஞானத்தை அருளும் பதக்கத்தை டாரன் கொடுத்துவிடுகிறான். அதைக் கொடுத்த கணத்திலேயே, தனக்குப் புலப்பட்டிருந்த அறிவெல்லாம் மறைந்துபோவதையும் அவன் உணர்கிறான். பிறகு ஆற்றில் சிக்கிய கொப்பரையை மீட்க உதவுவதற்கு எல்லிடிர் கேட்கும் விலை இன்னும் கொடியது: அதைக் கண்டெடுத்த பெருமை முழுவதும் தன் ஒருவனுக்கே உரியதென்று எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும். டாரன் அதற்கும் இசைகிறான். புகழுக்காகவே புறப்பட்டவன், காரியம் நிறைவேறுவதற்காகப் புகழைத் துறக்கிறான்.

கொப்பரையை அழிக்கும் உபாயத்தை அலெக்ஸாண்டர் சற்று மாற்றியிருக்கிறார். உயிருள்ள ஒருவன், மீள முடியாது என்று அறிந்தே, தன் சொந்தச் சித்தத்தால் அதனுள் புக வேண்டும். முடிவில் அதனுள் பாய்பவன் எல்லிடிரே. எவ்னிஸியனின் பெயர் இங்கே இல்லை. அயர்லாந்துப் போர் இல்லை. குதிரைகளின் கொடுமையும் இல்லை. ஆனால் செருக்கினால் தீங்கு செய்தவன் தன்னைக் கொடுத்து அத்தீங்கைத் துடைக்கிறான் என்ற நியதி அப்படியே இருக்கிறது. அதுவன்றி, எல்லிடிரை வெறுத்துவந்த டாரன், அவனுக்காகத் துயருறும் நிலைக்கு வளர்ந்துவிடுவதால், படிக்கும் பிள்ளையும் ஒரு மனிதனை அவனுடைய குற்றத்தோடு மட்டும் வைத்து அளக்கலாகாது என்பதைப் போதனையின்றியே கற்றுக்கொள்கிறது.

நான்காவது நூலாகிய ‘டாரன் வாண்டரர்’ இவ்வரிசையின் சிகரம் என்பது என் துணிபு. மபினோகியின் முதற்கிளையில், பிறந்த இரவே காணாமற்போன பிரிடெரி என்ற குழந்தை, வேறோர் இல்லத்தில் வளர்ந்து, முகச்சாயலினால் அரசகுமாரன் என்று அறியப்பட்டு, பெற்றோரை அடைகிறது. உலகத்தின் பெரும்பாலான கதைகள் தொலைந்த குழந்தையை இவ்வாறே அரண்மனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். டாரனும் அந்த நம்பிக்கையோடுதான் தன் பிறப்பைத் தேடிப் புறப்படுகிறான்; உயர்குலத்தவன் என்று தெரிந்தால் ஐலான்வியை மணம் கேட்கலாமே என்பது அவன் ஆசை. ஆனால் கிராடக் என்ற ஏழை மேய்ப்பன், நீ என் மகன் என்கிறான். ஆசை குலைந்த டாரன், வெளியே கடமையும் உள்ளே கசப்புமாக அம்மலைப் பண்ணையில் உழைக்கிறான். ஒரு நாள் கிராடக் பள்ளத்தில் விழுந்து கிடக்கும்போது, இவன் இறந்தால் தனக்கு விடுதலை என்ற எண்ணம் ஒரு கணம் தன் மனத்தில் எழுந்ததை உணர்ந்து டாரன் நடுங்குகிறான்; பிறகு காப்பாற்றப் பாடுபடுகிறான். கிராடக்கோ, துணைக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்று தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்கிறான். தன்னுள்ளே இத்தகைய எண்ணமும் எழக்கூடும் என்று ஒரு சிறுவன் அறிந்து நாணும் இக்கட்டத்தைப்போல் உண்மையான ஒன்றைச் சிறுவர் நூல்களில் காண்பது அரிது.

பிறகு டாரன் கொல்லனிடமும், நெசவு செய்யும் மூதாட்டியிடமும், குயவனிடமும் தொழில் கற்கிறான். முதல் இரண்டும் அவனுக்குக் கைவந்துவிடுகின்றன. ஆனால் மனம் அவற்றில் ஒன்றவில்லை. மண் வனையும் தொழிலில் மனம் முழுவதும் ஒன்றுகிறது. ஆனால் அதற்கு வேண்டிய கைத்திறம் அவனுக்கு வாய்க்கவில்லை. விரும்பியதெல்லாம் உழைத்தால் கிடைத்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்வது நம் வழக்கமாகிவிட்ட காலத்தில், மிக நேசித்த ஒன்று கைகூடாமற்போகலாம் என்றும், அப்படிப் போனாலும் அந்நேசம் வீணாகாது என்றும் கனிவோடு எடுத்துச் சொல்லும் இப்பகுதி விலைமதிப்பற்றது. தன் பிறப்பைக் காட்டும் என்று நம்பித் தேடிச்சென்ற கண்ணாடி, பாறையடியில் தேங்கிய ஒரு சிறிய குட்டையாக இருக்கிறது. அதில் அவன் கண்டது தன் முகமே. இறுதி நூலில், போர்க்களத்தருகே பெயரோ அடையாளமோ இல்லாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தை அவன் என்பதும், குலத்தை இனி ஒருபோதும் அறிய முடியாது என்பதும் வெளியாகின்றன. பிறப்பினால் மனிதனை மதிப்பிடும் வழக்கத்தை, ஒரு வார்த்தை பிரசங்கமின்றி, கதையின் அமைப்பினாலேயே அலெக்ஸாண்டர் தகர்த்துவிடுகிறார்.

கார்னரும் கூப்பரும்

ஆலன் கார்னரின் ‘தி அவுல் சர்வீஸ்’ 1967-இல் வெளிவந்து, பிரிட்டனின் கார்னகி பதக்கத்தைப் பெற்றது. மபினோகியின் நான்காம் கிளையில், மானிடப் பெண்ணை மணக்க முடியாத சாபம் பெற்ற லியூ என்பவனுக்காக, மந்திரவாதிகள் மலர்களிலிருந்து ஒரு பெண்ணைப் படைக்கிறார்கள். அவள் வேறொருவனைக் காதலித்து, கணவனைக் கொல்லச் சூழ்ந்து, ஆந்தையாகும்படி தண்டிக்கப்படுகிறாள். வேல்ஸ் நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில், பரணில் கிடந்த தட்டுகளின் சித்திரத்தை, மலரென்றும் சொல்லலாம் ஆந்தையென்றும் சொல்லலாம் என்ற வகையில் அமைந்த சித்திரத்தை, ஒரு பெண் காகிதத்தில் வரைந்தெடுக்கத் தொடங்கியதும், அந்த முக்கோணக் காதலும் பகையும் அவளையும் இரண்டு இளைஞர்களையும் பற்றிக்கொள்கின்றன. இங்கிலாந்துச் செல்வரின் வீட்டில் வேலைக்காரியின் மகனாக நிற்கும் வேல்ஸ் இளைஞன் க்வினின் அவமானத்தைக் கார்னர் காட்டும் விதம் நெஞ்சைச் சுடுவது. நியதியின் கடுமையை இவ்வளவு கூர்மையாக உணர்த்திய நூல் வேறில்லை. எனினும் விளக்கம் சுருங்கி, உரையாடலே பெருகி, சொல்லாமல் விட்டவற்றையும் வாசகன் ஊகித்தறிய வேண்டியிருப்பதால், இது பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே உரியது.

சூஸன் கூப்பரின் ஐந்து நாவல்கள் 1965-இல் தொடங்கி 1977-இல் முடிந்தன. ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் யுகாந்தரப் போரை அவை சொல்கின்றன. அவற்றுள் நான்காவதாகிய ‘தி கிரே கிங்’, 1976-இல் நியூபெரி பதக்கம் பெற்றது. ஆர்தர் மன்னனின் மகன், காலத்தைக் கடந்து இன்றைய வேல்ஸ் பண்ணையொன்றில் வளர்கிறான் என்பது அதன் கரு. நிலக்காட்சியிலும் பயத்தின் அழகிலும் கூப்பரை மிஞ்சுவாரில்லை. ஆனால் அவருடைய வில் ஸ்டாண்டன், பதினோராவது பிறந்த நாளிலேயே தான் மானிடரினும் மேம்பட்ட தொல்குலத்தவன் என்று அறிந்துவிடுவதால், டாரனைப்போல் பிழை செய்து, வெட்கி, வளரும் வாய்ப்பு அவனுக்குக் குறைவு. நியதியின் பாரம் இங்கே பெரும்பாலும் முன்னரே விதிக்கப்பட்ட கடமையாக வருகிறது. தானே தேர்ந்த விலையாக வருவது சில இடங்களில்தான்.

நகரத்துக்கு வந்த தெய்வங்கள்

ரிக் ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எழுத்துக்களைப் படிப்பதில் இடர்ப்பாடும், கவனம் ஓரிடத்தில் நில்லாத இயல்பும் கொண்ட தம் மகனுக்கு உறங்கும் வேளையில் கிரேக்கக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்து, அவை தீர்ந்துபோகவே, அதே இடர்ப்பாடுகளையுடைய பெர்ஸி ஜாக்ஸன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனை அவர் படைத்தார். எழுத்துக்கள் மயங்குவது அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்கென்றே அமைந்ததால்; நிலைகொள்ளாமை போர்க்களத்தில் உயிர்காக்கும் விழிப்பு. வகுப்பறையில் குறையென்று எண்ணப்பட்டதைக் கதையில் வீரனின் அடையாளமாக்கிய இந்த ஒரு செயலுக்காகவே அவர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நன்றிக்கு உரியவர். ஒலிம்பஸ் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அறுநூறாவது மாடியில் இருப்பதும், பாதாளத்தின் வாசல் லாஸ் ஏஞ்சலஸில் அமைந்திருப்பதும் சிரிப்பை விளைவித்தாலும், தம் மக்களை ஏறெடுத்தும் பாராத தெய்வங்களின் மீது அம்மக்கள் கொள்ளும் சினமே ஐந்து நூல்களுக்கும் அடிநாதம். அலட்சியம் செய்த தந்தையரை அந்த அலட்சியமே தேடி வந்து தாக்குகிறது. நியதி இங்கும் இருக்கிறது; ஆயினும் நிகழ்ச்சிகளின் வேகத்தில் அது அடிக்கடி மறைந்து போகிறது.

ரியோர்டனின் பெயரால் தொடங்கப்பட்ட பதிப்பு வரிசையில், பல நாட்டுத் தொல்கதைகளை அந்தந்த மரபினரே எழுதுகின்றனர். அதன் முதல் வெளியீடாக 2018-இல் வந்தது ரோஷணி சோக்‌ஷியின் ‘அரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்’. அட்லாண்டா நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் தாயோடு வாழும் பொய்க்காரச் சிறுமி, பாண்டவர்களின் ஆன்மா இன்று பெண்குழந்தைகளிடத்தே பிறந்திருப்பதை அறிகிறாள். இவள் இந்திரனின் மகள், தோழி மினி யமதருமனின் மகள். அயல்நாட்டில் வளரும் இந்தியச் சிறுமிகளுக்குத் தங்களையும் வீரமகளிராக எண்ணிக்கொள்ளும் உரிமையை இந்நூல் தருகிறது. தோழமையின் சித்திரம் இனிமையானது. ஆனால் கிரேக்கத் தெய்வங்களுக்கு இன்று கோயிலில் விளக்கேற்றுவார் மிக அரியர். இந்திரனும் யமனும் வரும் இதிகாசமோ வீடுதோறும் வாழ்கிறது. வாழும் மரபைக் கதையாக்குபவர், சிரிக்க வைக்கலாம், புதுமை செய்யலாம். தருமபுத்திரனின் துயரத்தை அந்தச் சிரிப்பு மறைத்துவிடாமலும் காக்க வேண்டும். இதிகாசத்தை வீட்டில் முன்பே கேட்டறிந்த பிள்ளைக்கு இந்நூல் இன்பம் தரும். அறியாத பிள்ளைக்கு, பாரதக் கதையைச் சொன்ன பிறகு கொடுப்பதே நன்று.

தடைகளும் விடைகளும்

அலெக்ஸாண்டரை முதலிடத்தில் வைப்பதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை இரண்டு உண்டு. முதலாவது, மூலக்கதைக்கு அவர் செய்த மாற்றங்கள். மபினோகியில் அன்னூவின் என்ற மறுவுலகத்தின் மன்னன் அரௌன், வாக்குத் தவறாத பெருந்தகை. ஓராண்டு தன் உருவையும் அரசையும் புய்ல் என்ற மன்னனிடம் நம்பி ஒப்படைத்தவன். பிரிடெயினில் அவனே தீமையின் உருவம். குவிடியன் என்பவனோ மூலத்தில் சூழ்ச்சிக்காரன். வஞ்சகத்தால் போரை மூட்டி, விலங்குருவில் மூன்றாண்டு தண்டனை அனுபவித்தவன். பிரிடெயினில் குற்றமற்ற வீரன். இம்மாற்றங்களால் நன்மையும் தீமையும் மூலத்தில் உள்ளதைக் காட்டிலும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன என்பதையும், அது ஒருவகை நஷ்டமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மூலத்தின் அந்தச் சிக்கல் அழிந்துபோகவில்லை. எல்லிடிரிடத்தும், மாவீரனென்று மதிக்கப்பட்டுக் கொப்பரையின் ஆசையால் துரோகியான மார்கன்ட் மன்னனிடத்தும், டாரனுடைய நெஞ்சத்திடத்தும் அது இடம் மாறிக் குடிகொண்டிருக்கிறது.

இரண்டாவது, வேல்ஸ் மொழியில் பிறவாத ஓர் அமெரிக்கர் அந்நாட்டுச் செல்வத்தை எடுத்தாண்டார் என்பது. அலெக்ஸாண்டர் தம் பிரிடெயின் வேல்ஸ் அன்று என்றும், அந்நாட்டின் கதைகளிலிருந்து எழுந்த கற்பனைத் தேசமே என்றும் முதல் நூலின் முகப்பிலேயே தெளிவாக்கிவிட்டார். கடனை ஒளிக்காத இந்த நேர்மை அவருக்கு உரியது. நாம் செய்யத்தக்கது, பிரிடெயினைப் படித்து முடித்த பிள்ளையின் கையில் மபினோகியின் நல்ல மொழிபெயர்ப்பொன்றைக் கொடுப்பதுதான். அப்போது அரௌனின் உண்மை முகத்தைக் கண்டு அப்பிள்ளை வியக்கும். ஒரே கதை பல வடிவம் எடுக்கும் என்ற அறிவும் அதற்கு வாய்க்கும்.

மறுக்கப்பட்ட அமரத்துவம்

இத்தனை நூல்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, வியக்கத்தக்க ஓர் ஒற்றுமை தோன்றுகிறது. ‘தி ஹை கிங்’ நூலின் முடிவில், மரணமில்லாத கோடை நாட்டுக்கு வருமாறு டாரன் அழைக்கப்படுகிறான். தோழர்களும் ஐலான்வியும் அங்கே செல்ல இருக்கிறார்கள். போரில் பாழான நிலத்தைத் திருத்துவதாக மக்களுக்குக் கொடுத்த வாக்குகள் நிறைவேறவில்லையே என்று எண்ணி அவன் தங்கிவிடுகிறான். ஐலான்வியும் தன் மந்திர சக்தியைத் துறந்து அவனோடு நிற்கிறாள். கூப்பரின் கடைசி நூலில், ஆர்தரின் மகன் பிரான், தந்தையோடு காலங்கடந்த உலகுக்குப் போக மறுத்து, தன்னை வளர்த்தவரின் அன்புக்காக மனிதனாகவே இருக்கத் தீர்மானிக்கிறான். ரியோர்டனின் பெர்ஸி, தெய்வங்கள் கொடுக்க முன்வந்த அமரத்துவத்தை மறுத்து, கைவிடப்பட்ட பிள்ளைகளை அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று வரம் கேட்கிறான். மூவருக்கும் முன்னோடி ஹோமரின் ஒடிஸியஸ். கலிப்ஸோ என்ற தேவமாது அளிக்க வந்த மூப்பும் சாவுமற்ற வாழ்வை வேண்டாமென்று, மூப்படையும் மனைவியிடம் திரும்பப் புறப்பட்டவன்.

புராணத்தை ஆதாரமாகக் கொண்ட சிறந்த சிறுவர் நூல்கள் அனைத்தும் இந்த இடத்துக்கே வந்து சேர்வது தற்செயலன்று. தெய்வங்களின் உலகைக் குழந்தைக்குத் திறந்துகாட்டிய ஆசிரியர், முடிவில் அக்குழந்தையை மனித உலகுக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. தோழர்களைப் பிரிந்து, கலப்பை பிடிக்கும் மக்களிடையே தங்கும் டாரனின் முடிவில் அத்திரும்புதலின் விலை மிகக் கனமாகவும், அதை அவன் ஏற்பது மிகத் தெளிவாகவும் இருப்பதனால், மற்றவற்றினும் அவனுக்கு நான் முதன்மை தருகிறேன்.

எப்படிக் கொடுப்பது?

ஆதலால், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கு ‘தி புக் ஆஃப் த்ரீ’ நூலை முதலில் கொடுங்கள். ஐந்தையும் வரிசை பிறழாமல் படிக்கச் செய்யுங்கள். முதல் நூல் சற்று மெல்லியதாகத் தோன்றினால் மனம் தளர வேண்டாம். இரண்டாவது நூலிலிருந்து கதையின் கனம் புலப்படும். நான்காவது நூலைப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள். அப்போது அது வேறொரு நூலாகவே தோன்றும். 1985-இல் டிஸ்னி நிறுவனம் முதல் இரண்டு நூல்களைக் கலந்து எடுத்த சித்திரப்படத்தை நூலுக்கு முன் காட்ட வேண்டாம். எல்லிடிர் அதில் இல்லை. புத்தகத்தைத் திறக்கவே மறுக்கும் பிள்ளைக்கு ரியோர்டனிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. அங்கிருந்து பிரிடெயினுக்கு வழி இருக்கிறது. கூப்பரைப் பன்னிரண்டிலும் கார்னரைப் பதினான்கிலும் கொடுக்கலாம்.

படித்து முடித்த பிள்ளையிடம், கதையின் நீதி என்ன என்று பரீட்சை வைக்காதீர்கள். கிராடக்கை டாரன் பள்ளத்திலேயே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், பதக்கத்தைத் தராமல் கொப்பரையைப் பெற வேறு வழி இருந்ததா என்று கேட்டு, அது சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். எதற்கு எது விலை என்று தானாகவே நிறுத்துப் பார்க்கத் தொடங்கிய பிள்ளை, தசரதனின் வாக்கையும் எவ்னிஸியனின் செருக்கையும் ஒரே அறிவால் விளங்கிக்கொள்ளும். அந்த அறிவை வளர்ப்பதில் லாயிட் அலெக்ஸாண்டரின் ஐந்து நூல்களுக்கு இணையான துணையை நான் அறிந்ததில்லை. ஆகவே மனப்பூர்வமாக அவற்றைச் சிபாரிசு செய்கிறேன்.